காணாக் கதிரும் கணிப்பொறிக் கணக்கும்

நெருப்பு சுடுமுன்னரே தன் வெம்மையால் வரவை உணர்த்தும். நச்சுப்புகை நாசியை உறுத்தும். பாழ்ங்கிணற்றில் இறங்குவோன் கைவிளக்கை முன்னே இறக்கி, அஃது அவியாதிருத்தல் கண்ட பின்னரே தானும் இறங்குவன். இங்ஙனம் ஐம்பொறிகளோ அவற்றிற்குத் துணையாகிய எளிய பொருள்களோ காவல்நின்று உதவாத தொழில்கள் உலகில் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் தலையாயது கதிர்வீச்சினிடையே நின்று செய்யுந் தொழில். எக்ஸ் கதிருக்கு நிறமில்லை, மணமில்லை, ஒலியுமில்லை. மெய்யிற் பட்டாலும் படாதது போலவே இருக்கும். அதனிடையே உழைப்போன் தன் உடல் ஏற்றது எவ்வளவு என்பதைத் தன் உடலால் அறிதல் இயலாது. எழுதிவைத்த கணக்கொன்றைப் பார்த்தே அறிதல் வேண்டும். ஆதலின் அக்கணக்கை எழுதுவது யாது, எழுதுவிப்போர் யாவர், எழுதியதைப் பார்க்கும் உரிமை யாருக்குண்டு என்பன அவனுக்கு உயிர்வினாக்களாம்.

நெடுங்காலமாக மார்பில் அணியும் ஒரு சிறு பேட்ஜே அக்கணக்கை எழுதிவந்தது. இக்காலத்து ஐரோப்பிய அறிஞர் சிலர், அதனைக் கணிப்பொறியே எழுதலாம், உடலில் யாதொரு கருவியும் அணிய வேண்டுவதில்லை என்னுங் கொள்கையை ஆராய்ந்து வருகின்றனர். அவர் முயற்சியிற் கொள்ளத்தக்கது மிகுதி என்பது என் துணிபு. ஆயினும் பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைத்தற்குரிய காலம் வந்திலது என்பதும், கணக்கு உழைப்போன் கைக்கு எட்டாவிடில் பேட்ஜும் பயனில்லை, கணிப்பொறியும் பயனில்லை என்பதும் என் கருத்து. அதனை இங்கே காரணங்காட்டிக் கூற முயல்வேன்.

1895-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ஜெர்மனி தேயத்து வூர்ஸ்பர்க் நகரில், ரோண்ட்ஜென் என்னும் பேராசிரியர் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அதனை அடுத்த ஆண்டுகளில் கதிர்க்குழாய் செவ்வனே இயங்குகின்றதா என்று தேர விரும்பியோர் பலர், தம் கையையே அதன்முன் நீட்டித் திரையில் என்பின் நிழல் விழுதலைப் பார்த்துத் தெளிந்தனர். அந்நாளில் அளவுகோல் மனிதனுடைய தோலே. தோல் சிவந்தால் கதிர் மிகுந்தது என்பது கணக்கு. எடிசனிடம் உதவியாளராயிருந்த கிளாரன்ஸ் டாலி என்பவர் இவ்வாறு குழாய்களைத் தம் கையால் தேர்ந்து தேர்ந்து, கைகள் அழுகி அவற்றை அறுத்தெறிந்தும் உய்யாது 1904-இல் இறந்தார். அவருற்ற கேட்டைக் கண்டு எடிசனும் அவ்வாராய்ச்சியைக் கைவிட்டார். ஹாம்பர்க் நகரத்து மருத்துவமனைத் தோட்டம் ஒன்றில் 1936-இல் நாட்டப்பெற்ற நினைவுக்கல்லில், கதிரால் மாண்ட மருத்துவரும் உதவியாளரும் ஆராய்ச்சியாளருமாகிய 169 பேருடைய பெயர்கள் பொறிக்கப்பட்டன. பின்னர் மேலும் பல பெயர்கள் சேர்க்கப்பட்டன.

அவர்கள் அறியாமையால் மாண்டனர் என்று ஒருவாறு ஆறுதல் கொள்ளலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கடிகார முகப்புக்கு ரேடியம் கலந்த வண்ணந் தீட்டிய இளம்பெண்களுடைய கதைக்கு அவ்வாறுதலும் இல்லை. தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்குமாறு அவர்களுக்குக் கற்பித்தனர். வாயினுள்ளே சென்ற ரேடியம் என்பிற் படிந்து தாடையை அரித்தது. அவருள் ஐவர் தொடுத்த வழக்கு 1928-இல் உடன்பாட்டில் முடிந்தது. அப்பெண்கள் உட்கொண்டதற்குக் கணக்கு எழுதியவர் எவருமிலர். வண்ணம் எத்தனை முகப்புக்குத் தீட்டப்பட்டது என்ற கணக்கு மட்டும் தவறாமல் எழுதப்பட்டிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதே 1928-இல் ஸ்டாக்ஹோம் நகரிற் கூடிய கதிர்மருத்துவர் பேரவை, கதிர்க்காப்புக்கெனப் பன்னாட்டுக் குழு ஒன்றை அமைத்தது. இன்று உலகெங்கும் அரசுகள் பின்பற்றும் வரம்புகள் அக்குழுவின் வழிவந்தவையே. உடல் ஏற்கும் அளவை மில்லிசீவர்ட் என்னும் அலகால் கூறுவர். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் மாந்தர் ஒவ்வொருவரும் ஆண்டொன்றுக்கு இயற்கையாகவே ஏற்பது உலகச் சராசரியில் ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட். கதிர்த்தொழிலாளி தன் தொழிலால் ஏற்கக்கூடிய வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 என்பது அக்குழுவின் பரிந்துரை. நம் நாட்டில் எந்த ஓராண்டிலும் 30-ஐக் கடத்தலாகாது என்பதும் விதியாகும்.

இனி, பேட்ஜின் தன்மையைப் பார்ப்போம். தொடக்கத்தில் அஃது ஒரு சிறு புகைப்படச் சுருளாயிருந்தது. கதிர் பட்ட அளவுக்கு அது கறுக்கும். பின்னர் வந்தவை, வெப்பத்தால் ஒளிவிடும் படிகங்கள். நம் நாட்டு மருத்துவமனைகளில் வழங்கும் டி.எல்.டி. பேட்ஜ் இவ்வகையினது. கதிர் பட்டபோது படிகம் அவ்வாற்றலிற் சிறுபகுதியைத் தன்னுள் சிறைவைக்கும். ஆய்வுச்சாலையிற் சூடேற்றினால் சிறை திறந்து ஒளியாய் வெளிப்படும். ஒளியின் அளவே கதிரின் அளவு. எளிய கருவி, மலிவானது, மின்சாரம் வேண்டாதது, பொய் சொல்ல அறியாதது. இவ்வளவு நற்குணமுடைய ஒன்றைக் குறைகூறுதல் நன்றியில்லாச் செயல் போலத் தோன்றும். எனினும் குறையுண்டு.

முதற்குறை காலம். பேட்ஜைப் பெரும்பாலும் மூன்று திங்களுக்கொருமுறை ஆய்வுச்சாலைக்கு அனுப்புகின்றனர். அங்கிருந்து கணக்கு மீண்டுவரும்போது, எந்நாளில், எந்த அறையில், எச்செயலின்போது கதிர் மிகுந்தது என்று யாரும் நினைவுகூர மாட்டார். தைத்திங்களிற் செய்த பிழையைச் சித்திரையில் அறிந்து என் செய்வது? அடுத்த குறை இடம். ஆஞ்சியோ செய்யும் அறையில் ஈய ஏப்ரன் அணிந்து நிற்கும் மருத்துவரின் மார்புக்கு ஈயம் காவலாயிருக்க, அவர் கண்ணும் தலையும் கையும் திறந்தே உள்ளன. ஏப்ரனுக்குள்ளே மார்பில் இருக்கும் பேட்ஜ் தான் நிற்கும் நிழலைப் பற்றிச் சொல்லுமேயன்றி வெயிலைப்பற்றி எங்ஙனஞ் சொல்லும்?

மூன்றாவது குறை பேட்ஜினுடையதன்று, மாந்தருடையது. இதயக்குழாய்ச் சிகிச்சை செய்யும் மருத்துவருட் பலர் பேட்ஜை அணிவதேயில்லை என்பது பல நாடுகளிலும் ஆராய்ந்து வெளியிடப்பட்ட செய்தி. மறதியும் சோம்பலும் காரணமெனலாம். அவற்றினும் வலியது அச்சம். வரம்பு கடந்ததெனக் கணக்கு வந்தால் வேலையினின்று விலக்குவரோ என்னும் அச்சமே அது. அவ்வச்சத்தின் கொடிய வடிவத்தை ஜப்பான் தேயத்தில் உலகம் கண்டது. 2011 மார்ச்சில் கடற்பேரலை ஃபுகுஷிமா அணுமின்நிலையத்தை அழித்தபோது அளவிகளும் நீரில் மூழ்கியமையால், சின்னாட்கள் தொழிலாளர் குழுவொன்றுக்கு ஓர் அளவியே கொடுக்கப்பட்டது. அது நெருக்கடியின் விளைவு, பொறுக்கலாம். அவ்வாண்டு டிசம்பரில் நடந்ததோ வேறு. அங்கு வேலைசெய்த ஒரு துணை ஒப்பந்தக்காரர், தம் ஆட்களை அளவியின்மேல் ஈயத்தகட்டை மூடிக்கொள்ளச் செய்தார் என்பது 2012 ஜூலையில் வெளிப்பட்டது. வரம்பு நிறைந்தால் ஆட்கள் வேலையிழப்பர், ஒப்பந்தமும் போம் என்பதே காரணம். ஈயத்தை உடலுக்கு அணிவித்திருந்தால் காவல். அளவிக்கு அணிவித்தமையால் அது பொய்க்கணக்காயிற்று. பொய் சொல்ல அறியாத கருவியையும் மாந்தர் பொய்யுரைக்கச் செய்துவிட்டனர்.

இந்நிலையிலேதான் கணிப்பொறி அரங்கிற்கு வருகின்றது. பெல்ஜியம் நாட்டில் மோல் என்னும் சிற்றூரில் உள்ள அணுவாராய்ச்சி நிலையத்தினர் தலைமையில், ஐரோப்பிய நிலையங்கள் பல கூடி, 2018, 2019 ஆகிய ஈராண்டுகளில் போடியம் என்னும் பெயரால் ஒரு முயற்சியை நடத்தின. அம்முயற்சியின் சாரம் இது: அறையின் மேலே படத்தோடு தொலைவையும் ஒருங்கே அளக்கும் கேமரா ஒன்று அமைப்பர். தொழிலாளி எங்கே நிற்கின்றார், எப்பக்கம் திரும்புகின்றார், கையை எங்கே நீட்டுகின்றார் என்பதை அது நொடிதோறும் குறிக்கும். எக்ஸ்‌ரே எந்திரமோ தான் எக்கோணத்தில், எவ்வழுத்தத்தில், எத்துணை நேரம் கதிர்விட்டது என்பதைத் தானே எழுதிவைக்கும். இவ்விரண்டையும் கணிப்பொறி சேர்த்து, அறையையும் நோயாளியையும் தொழிலாளியையும் தன்னுள்ளே பாவனையாகப் படைத்துக்கொண்டு, அப்பாவனைத் தொழிலாளியின் உடலில் எவ்வுறுப்பில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று கணக்கிடும். மெய்யான தொழிலாளியின் உடலில் யாதும் அணிவிக்கப்படுவதில்லை.

இப்பாவனைக் கணக்கு நடைபெறும் முறை, இலக்கியம் பயில்வோனாகிய எனக்கும் வியப்பளித்தது. கதிரை ஓர் ஆறாகக் கொள்ளாது, எண்ணிறந்த தனித்தனிப் பொடிகளாகக் கொள்கின்றனர். அவற்றை ஃபோட்டான் என்பர். ஒரு ஃபோட்டான் குழாயினின்று புறப்படுகின்றது. நோயாளியின் உடலில் எவ்வளவு ஆழம் சென்று அணுவொன்றில் மோதும்? அறியோம்; ஆனால் அதற்குரிய வாய்ப்பை அறிவோம். ஆகவே கணிப்பொறி ஒரு கவறு உருட்டுகின்றது. மோதியபின் அழியுமா, சிதறுமா? மீண்டும் ஒரு கவறு. சிதறினால் எத்திசையில்? மற்றுமொரு கவறு. இவ்வாறு ஒரு ஃபோட்டானின் வாழ்க்கை வரலாற்றைப் பிறப்பு முதல் இறப்புவரை எழுதி முடித்து, அடுத்ததன் வரலாற்றைத் தொடங்குகின்றது. கோடிக்கணக்கான வரலாறுகளை எழுதிக் கூட்டினால் மெய்யை ஒட்டிய விடை கிடைக்கும். பிழையைப் பாதியாக்க வேண்டின் வரலாறுகளை நான்மடங்காக்க வேண்டும் என்பதே இதன் இடர். ஆதலால் முற்காலத்தில் நெடுநேரம் பிடித்த கணக்கை, இன்று படங்காட்டும் பொருட்டு அமைந்த விரைவுச் சில்லுகளைக்கொண்டும், முன்னரே கணக்கிட்டு வைத்த வாய்பாடுகளைக்கொண்டும் சுருக்குகின்றனர்.

இம்முறைக்கு மாண்டி கார்லோ என்று பெயர். அது புகழ்பெற்ற சூதாடு நகரின் பெயர். 1946-இல் நோயினின்று தேறிவந்த ஸ்டானிஸ்லாவ் உலாம் என்னும் கணிதவறிஞர், தனியே சீட்டாடிக்கொண்டிருந்தபோது வெல்லும் வாய்ப்பைக் கணக்கிட முயன்று, கணக்கிடுவதினும் பன்முறை ஆடிப்பார்த்து எண்ணுதலே எளிது என்று கண்டதில் இது தோன்றியது. வள்ளுவர் ஓரதிகாரம் முழுவதும் கடிந்த சூது, உயிரைக் காக்கும் கணக்காய் மாறியது காண்க. இம்முறை முதன்முதற் பயன்பட்டது அணுகுண்டு ஆராய்ச்சியில் என்பதையும் மறைத்தலாகாது.

இதனால் விளையும் நன்மைகளுள் யான் முதலாவதாகக் கொள்வது கண்ணைப் பற்றியது. கண்ணின் வில்லையிற் கதிர் படின் காலப்போக்கிற் புரை வளரும். ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட் வரை கண் தாங்குமென முன்னாளிற் கருதினர். 2011 ஏப்ரலில் பன்னாட்டுக் குழு அதனை ஐந்தாண்டுச் சராசரியில் 20 என்று குறைத்தது; எந்த ஓராண்டிலும் 50-ஐக் கடத்தலாகாது என்றும் கூறியது. ஏழில் ஒரு பங்காயிற்று வரம்பு! ஆனால் கண்ணருகே பேட்ஜ் அணிவோர் எத்தனைபேர்? ஆஞ்சியோ செய்யும் மருத்துவர் பெரும்பாலும் தம் இடப்பக்கம் குழாய்க்கு அருகாக நிற்பராதலின், இடக்கண் வலக்கண்ணினும் மிகுதியாக ஏற்கும். மார்பிலுள்ள பேட்ஜ் இவ்வேறுபாட்டை அறியாது. பாவனைக் கணக்கோ கண் வேறு, கை வேறு, கருப்பை வேறு எனப் பிரித்துக் கூறும். கருவுற்ற செவிலியர் ஒருவருக்கு, வயிற்றிலுள்ள மகவு எவ்வளவு ஏற்றது என்பதினும் பெரிய வினா உண்டோ? ஐரோப்பிய விதிப்படி, கருவுற்றதை அறிவித்த நாள்முதல் பேறுகாலம்வரை அம்மகவு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் ஏற்கலாகாது. மூன்று திங்கட்குப்பின் வரும் விடை அத்தாய்க்கு விடையன்று; அன்றைய மாலையே வருவதுதான் விடை.

மற்றொரு நன்மை, வேலைக்கு முன்னரே கணக்கிடலாம் என்பது. பேட்ஜ் நடந்ததை மட்டுமே சொல்லும். மேற்கூறிய மோல் ஊரில் பி.ஆர். 3 என்னும் அணுவுலை 1962-இல் இயங்கத் தொடங்கி 1987-இல் நிறுத்தப்பட்டது. அதனைப் பிரித்தெடுக்கும் வேலைக்கென அந்நிலையத்தார் விசிப்ளான் என்னும் கணக்குமுறையை ஆக்கிக்கொண்டனர். எந்தக் குழாயை முதலில் அறுத்தால், எந்த இடத்தில் ஈயத்திரை வைத்தால், எவ்வழியாக நடந்தால் ஆட்கள் ஏற்கும் அளவு குறையும் என்பதைக் கணிப்பொறியிலேயே பலவாறு செய்துபார்த்து, குறைந்ததைத் தேர்ந்துகொள்ளலாம். பாவனை ஆட்கள் ஏற்ற கதிரால் யாருக்கும் கேடில்லை. இதனைக் கற்பித்தற்கும் பயன்படுத்தலாம். தொலைவு இரட்டித்தால் கதிர் ஏறத்தாழ நாலிலொன்றாகும் என்று நூறுமுறை சொல்வதினும், அறையிற் கதிர் சிதறுவதை வண்ணங்களாற் காட்டி, ஓரடி பின்வைத்தால் செம்மை மாறிப் பசுமையாவதைச் செவிலியர் தம் கண்ணாற் காணச்செய்தல் மேல்.

தமிழ் பயில்வோனுக்கு ஈதெல்லாம் எதற்கு என்று இயற்பியல் நண்பர் நகைப்பர். நம் கல்லூரியிற் பயில்வோருள் தமக்கையையோ தங்கையையோ செவிலியராக உடையார் பலர். அவர் நிற்கும் அறையைப்பற்றிப் பேசுதற்கு இயற்பியற் பட்டம் வேண்டுமென்பதில்லை. அன்றியும், சொல்லாராய்ச்சி செய்வோன் காணும் ஒன்று இதில் உண்டு. உடல் ஏற்கும் கதிரளவை ஆங்கிலத்தார் டோஸ் என்பர். அது கிரேக்கமொழியிற் கொடுத்தல் என்னும் பொருள் தரும் சொல்லினின்று வந்தது. கொடுத்தலுக்குக் கொடுப்போன் ஒருவன் உளனல்லவா? நம் பதிவேடுகளிலோ ஏற்றவன் பெயர் மட்டுமே உளது. கொடுத்தவன் பெயர் இல்லை.

இனி மறுபக்கம். பாவனை தனக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே அறியும். நம் கல்பாக்கத்து மறுபதனிடும் ஆலையில் 2003 ஜனவரியில் நிகழ்ந்தது இதற்குப் போதிய சான்று. கதிர் குறைந்த கழிவுநீர் இருக்கவேண்டிய தொட்டியில், வால்வு ஒன்றின் பழுதால், கதிர் மிகுந்த கழிவுநீர் புகுந்துவிட்டது. அதனையறியாது அங்கே வேலைசெய்த ஆறுபேர் வரம்புக்கு மேற்பட்ட கதிரை ஏற்றனர். அவ்விடத்தில் எச்சரிக்கை செய்யும் அளவி அமைக்கப்பட்டிருக்கவில்லை. அன்று அவ்விடத்தில் உலகிலேயே சிறந்த பாவனைக் கணிப்பொறி இருந்ததென்று கொள்வோம். தொட்டியில் இருப்பது கதிர் குறைந்த நீர் என்றே அதற்குச் சொல்லியிருப்பர்; அதுவும், அறுவரும் அச்சமின்றிச் செல்லலாம் என்றே கணக்கிட்டுக் கூறியிருக்கும். சுவரில் மாட்டிய எளிய அளவி ஒன்றோ வாய்விட்டு அலறியிருக்கும். அறியாத ஒன்று நேரும்போது உண்மையைச் சொல்வது உண்மையாகவே கதிரைத் தொட்டுணரும் கருவி மட்டுமே. பேட்ஜை விலக்கலாகாது என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.

சிறிய குறைகளும் உள. கணிப்பொறியினுள்ளே நிற்கும் பாவனை மனிதன் யாவன்? பன்னாட்டுக் குழு 2009-இல் வெளியிட்ட மாதிரியுருவில், ஆண் 176 செண்டிமீட்டர் உயரமும் 73 கிலோ எடையும், பெண் 163 செண்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உடையர். மெய்யான இருவரின் உட்படங்களைக்கொண்டு, ஆணுடலை ஏறத்தாழ 19 இலட்சம் சிறு கட்டங்களாகவும் பெண்ணுடலை ஏறத்தாழ 39 இலட்சமாகவும் பகுத்து ஆக்கிய அரும்படைப்பு அது. ஆனால் ஐந்தடி உயரமேயுள்ள நம் நாட்டுச் செவிலியர் ஒருவருடைய கண், அம்மாதிரிப் பெண்ணின் கண்ணினும் நோயாளியின் மேசைக்கு அண்மையில் உளது. சிதறுகதிர் எழுவது நோயாளியின் உடலினின்றேயாதலின் இவ்வேறுபாடு புறக்கணிக்கத் தக்கதன்று. மாதிரியுருவைச் சுருக்கியும் நீட்டியும் அவரவர்க்கேற்ப அமைத்தல் இன்று கூடும். அதனைச் செய்தாலன்றிப் பிறர் உடல் ஏற்றதையே இவர் கணக்கில் எழுதியதாகும். தொங்கவிட்ட ஈயக்கண்ணாடி சிறிது நகர்ந்ததைக் கேமரா காணாமற்போகலாம். ஒருவர் பின்னால் மற்றொருவர் மறையலாம். இவை பொறிவல்லார் தீர்க்கக்கூடிய இடர்களே. இவற்றைப்பற்றி நான் மிகக் கவலைகொள்ளேன்.

நான் கவலைகொள்வது கேமராவைப்பற்றி. தொழிலாளி நிற்பதையும் நடப்பதையும் நொடிதோறும் குறிக்கும் கண், கதிரை மட்டும் கணக்கிடும் என்பதற்கு உறுதி யாது? எத்தனைமுறை வெளியே சென்றார், யாரோடு நின்று பேசினார், எப்போது சுவரிற் சாய்ந்தார் என்பனவும் அதே பதிவில் உளவன்றோ? கதிரைக் காணும் பொருட்டு வந்த கண், வேலைக்காரனைக் காணும் கண்ணாய் மாறுதற்குப் புதிதாக ஒரு திருகாணியும் வேண்டுவதில்லை. கேமரா முகத்தையும் உருவையும் சேமியாது, மூட்டுகளின் இருப்பிடத்தை மட்டும் புள்ளிகளாக எடுத்துக் கணக்கு முடிந்தவுடன் படத்தை அழித்தல் இயலும். இயலுமென்பது போதாது, அவ்வாறே செய்தல் வேண்டுமென்றும், அப்பதிவை வருகைக்கோ கூலிக்கோ தண்டனைக்கோ பயன்படுத்தலாகாதென்றும் விதி எழுதப்படல் வேண்டும்.

இதனினும் நுண்ணிய தீங்கு ஒன்றுண்டு. உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுவோன் அதன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டுதல் வேண்டுமென்றும், கட்டாவிடில் வீழ்வோனுடைய இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வருமென்றும் கட்டளையுளது. கூர்ந்து நோக்கின், அக்கட்டளை மாடியில் நடப்போனை நோக்கி, விழிப்பாக நட என்று சொல்லவில்லை. வீட்டுக்குடையவனை நோக்கியே பேசுகின்றது. பாவனைக் கணக்கு நொடிதோறும் எழுதப்படும் அறையில் இது தலைகீழாய் மாறக்கூடும். வரம்பு கடந்தால், எந்திரம் பழையதா, ஈயத்திரை கிழிந்ததா, ஆள் பற்றாமல் ஒருவரே இருமடங்கு வேலை செய்தாரா என்று வினவாமல், பத்தாம் நிமிடத்தில் நீ ஓரடி முன்னே நின்றாய், குற்றம் உன்னுடையதே என்று கூறிவிடலாம். சான்றாகப் படமும் உண்டு. காக்க வந்த கணக்கு குற்றப்பத்திரிகையாகுமாயின், அளவியின்மேல் ஈயத்தகடு மூடியதுபோல் கேமராவின்மேல் துணி மூடும் நாளும் வரும்.

முன்கூட்டிக் கணக்கிடுதலிலும் இத்தகைய கண்ணி உளது. ஒரு வேலைக்கு ஆகும் மொத்தக் கதிர் இவ்வளவு என்று கணிப்பொறி சொல்லிவிட்டால், அதனைக் குறைக்க வழி தேடுவது ஒரு முறை. நாற்பது ஒப்பந்தத் தொழிலாளரை அழைத்து ஆளுக்குச் சிறிதாகப் பங்கிட்டு வரம்புக்குள் அடக்கிவிடுவது மற்றொரு முறை. இரண்டாவதில் ஒருவரும் வரம்பு கடவார். மொத்தத்தில் ஓரணுவும் குறையாது. அந்நாற்பதின்மர் அடுத்த திங்கள் வேறொரு நிலையத்தில் வேறொரு ஒப்பந்தக்காரரிடம் இருப்பர். எனவே ஆளுக்காள் கணக்கு மட்டும் போதாது. வேலைக்கு வேலை மொத்தக் கணக்கும் எழுதப்பட்டு யாவரும் காண வெளியிடப்படல் வேண்டும் என்பேன்.

இவ்வளவு இடர் உள்ளதாயின் இம்முறையே வேண்டாமென்று ஒதுக்கினால் என்னை என்பாரும் உளர். அவர்க்கு யான் செர்னோபிலைக் காட்டுவேன். 1986-இல் அவ்வணுவுலை வெடித்தபின் தூய்மைசெய்ய அழைக்கப்பட்டோருட் பலர்க்கு நம்பத்தகுந்த அளவிப் பதிவே இல்லை. ஆண்டுகள் பல கழிந்தபின் அறிஞர் அவர்களை ஒவ்வொருவராகக் கேட்டு, எந்நாளில், எவ்விடத்தில், எத்துணை நேரம் நின்றீர் என்று நினைவிலிருந்து எடுத்து, அவ்விடத்துக் கதிர்வரைபடத்தோடு பொருத்திக் கணக்கிட்டனர். அதுவும் பாவனைக் கணக்கே. நொந்துபோன மாந்தரின் மங்கிய நினைவை ஊன்றுகோலாகக் கொண்டது. நோயுற்றவர் தம் நோய்க்குக் காரணம் தேடும் முதுமையிலே தொடங்கும் கணக்கினும், வேலைநடக்கும் அன்றே தொடங்கும் கணக்கு எத்துணையோ சிறந்தது.

ஆதலின் இரண்டும் இருக்க. பேட்ஜ் மார்பில் இருக்க, கணிப்பொறி அதனருகே எழுதுக. இரண்டு கணக்கும் ஒத்தால் நன்று. ஒவ்வாதபோதுதான் இவற்றின் மெய்யான பயன் விளங்கும்: பேட்ஜ் குறைத்தும் கணிப்பொறி மிகுத்தும் கூறின், பேட்ஜ் இழுப்பறையில் உறங்கியதோ, ஈயத்தின்பின் ஒளிந்ததோ என வினவலாம், கணிப்பொறி குறைத்தும் பேட்ஜ் மிகுத்தும் கூறின், அறையில் நமக்குச் சொல்லப்படாத கதிர் ஏதோ உளதென்று அறிந்து வேலையை உடனே நிறுத்தலாம். ஒருவரையொருவர் அறியாத இரு சாட்சிகள்போல இவை நிற்றல் வேண்டும். இவற்றுள் ஒன்றை மற்றொன்றைக்கொண்டு திருத்தி, ஒரே எண்ணாக்கிப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் எங்கேனும் தோன்றுமாயின் அது இரு சாட்சியையும் கெடுத்ததாகும்.

கேமராவும் விரைவுச் சில்லும் வாங்கும் பொருள்வளம் சிற்றூர் மருத்துவமனைகட்கு இன்றில்லை என்பதை அறிவேன். அவை வரும்வரை செய்யத்தக்கது ஒன்றுண்டு. அதற்குக் காசு வேண்டுவதில்லை. பேட்ஜ் ஆய்வுச்சாலையினின்று மீண்டுவந்தவுடன், அதன் கணக்கை அலுவலகக் கோப்பில் தைத்துவிடாமல், அதனை அணிந்த செவிலியர் கையில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். அவர் வேறு மருத்துவமனைக்கு மாறிச்செல்லும்போது அச்சீட்டுகளையும் தம் பெட்டியில் எடுத்துச்செல்வார்.